அல் கபோன் வரி கட்டியிருந்தால் தப்பித்திருப்பாரா?

உங்கள் கேள்வி இது: "ஊரறிந்த கொலைகாரன் அல் கபோன். கொலைக்குப் பிடிக்க முடியாமல், வருமான வரி கட்டவில்லை என்று உள்ளே தள்ளினார்கள். கள்ளச்சாராயக் காசுக்கு எவனாவது கணக்குக் காட்டுவானா? காட்டி வரியும் கட்டியிருந்தால் விட்டிருப்பார்களா?" இதில் உண்மையான கேள்வி கடைசியில் இருப்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அது ஏதோ ஒரு சாக்கைப் பிடித்துப் போட்ட வழக்கா, இல்லை சட்டப்படி நிற்கக்கூடிய வழக்கா என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது. நான் ஆடிட்டர். ரெய்டுக்குப் பிறகு கட்சிக்காரரோடு வருமான வரி அலுவலகத்தில் உட்கார்ந்து, வீட்டில் கிடைத்த துண்டுச்சீட்டு ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்வது என் பிழைப்பு. அதனால் இந்த வழக்கின் காகிதங்கள் மேல் எனக்கு நெடுநாள் ஆசை. ஆனால் நான் பயின்றது இந்தியச் சட்டம். அமெரிக்கச் சட்டத்தைத் தீர்ப்புகளைப் படித்துத் தெரிந்துகொண்டதோடு சரி. அந்த ஊர் வக்கீல் யாராவது நுணுக்கத்தில் திருத்தினால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1899 ஜனவரி 17 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில், இத்தாலியிலிருந்து வந்த ஒரு முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தார். ஆறாம் வகுப்பில் ஆசிரியையை அடித்துவிட்டுப் பள்ளியை விட்டார். ஃப்ராங்கி யேல் என்ற தாதாவின் மதுக்கடையில் வேலை பார்த்தபோது ஒரு பெண்ணைப் பற்றிக் கண்டபடி பேச, அவளுடைய அண்ணன் கத்தியை எடுத்துக் கன்னத்தில் கிழித்தான். அந்தத் தழும்பைப் போரில் வாங்கியது என்று பின்னாளில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போருக்கே போனதில்லை. அப்புறம் ஜானி டோரியோ என்ற மூத்த தாதா கூப்பிட்டு சிகாகோவுக்குப் போனார். அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்த 1920 ஜனவரி 17 அன்று கபோனுக்குச் சரியாக 21 வயது. 1925 ஜனவரியில் எதிர்க் கோஷ்டி டோரியோவைச் சுட்டது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் போதும் என்று தொழிலை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். 26 வயதில் சிகாகோவின் பீர், சூதாட்டம், விபசார விடுதிகள் என்று பெரிய தொழில் ஒன்று கபோன் கைக்கு வந்தது.

கொலைக்கு ஏன் பிடிக்க முடியவில்லை என்றால், பெரும்பாலும் சாட்சி இல்லை. 1929 பிப்ரவரி 14 அன்று வடக்கு கிளார்க் தெருவில் ஒரு கராஜில் ஏழு பேரைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துச் சுட்டார்கள். அன்றைக்கு கபோன் ஃப்ளோரிடாவில் இருந்தார். அந்த வழக்கில் இன்றுவரை ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. துப்பாக்கிகளைப் பின்னாளில் கண்டுபிடித்தார்கள், தோட்டாக்களோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். ஆனால் உத்தரவு கொடுத்தது கபோன்தான் என்பதற்குக் கோர்ட்டில் நிற்கும் ஆதாரம் எதுவும் வரவில்லை. பெரும்பாலான எழுத்தாளர்கள் அவர்தான் என்கிறார்கள், வேறு காரணம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கொலை மாநிலக் குற்றம். அதை விசாரிக்க வேண்டிய உள்ளூர் போலீசிலும் நகர நிர்வாகத்திலும் பாதிக்கு மேல் மாமூல் பாய்ந்திருந்தது. வரியோ மத்திய அரசின் விஷயம். வாஷிங்டன் வரிக் குற்றத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இது பாதிக் காரணம்.

மீதிப் பாதிக்குக் காரணம் ஒரு தீர்ப்பு. 1913-இல் அமெரிக்கா வருமான வரியைக் கொண்டுவந்தபோது, "சட்டபூர்வமான" தொழிலில் வரும் லாபம் என்றுதான் சட்டத்தில் எழுதியிருந்தார்கள். 1916-இல் திருத்தியபோது அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகும் பத்து வருடம் கள்ளத் தொழில் செய்தவர்கள் வைத்த வாதம் இதுதான்: "ரிட்டர்னில் நான் சாராயம் விற்றேன் என்று எழுதினால் அது எனக்கு எதிராக நானே கொடுக்கும் சாட்சியம். அரசியல் சாசனம் அதற்கு என்னைக் கட்டாயப்படுத்த முடியாது." தென் கரோலினாவைச் சேர்ந்த மேன்லி சல்லிவன் என்ற சாராய வியாபாரியின் வழக்கில் 1927-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு கட்டியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். அவர் சொன்னதன் சாரம்: கள்ள வருமானமும் வருமானம்தான். ரிட்டர்னில் ஏதாவது ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்றால், அந்தக் கேள்விக்கு மட்டும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். ரிட்டர்னே போடாமல் இருக்க அது காரணமாகாது. அப்படியென்றால் போலீசுக்குக் கொடுத்த லஞ்சத்தைச் செலவாகக் கழிக்கலாமா என்ற கேள்வியும் வந்தது. அந்தத் துணிச்சலோடு யாராவது வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். வரித் தீர்ப்புகளில் சிரிப்பு வரும் இடங்கள் குறைவு. இது அதில் ஒன்று.

ஆக, "எவனாவது கணக்குக் காட்டுவானா" என்ற உங்கள் கேள்விக்கு 1927-க்குப் பிறகு நேர்ப் பதில் உண்டு. காட்டலாம், தொழில் இன்னதென்று சொல்லாமலேகூடக் காட்டலாம். கட்ட வேண்டியிருந்ததும் பெரிய பங்கு இல்லை. 1920-களின் பிற்பகுதியில் உச்சபட்ச வரி விகிதமே 25 சதவீதம்தான். அரசு கடைசியில் வழக்குப் போட்டது, சில வருடங்களில் சுமார் பத்து லட்சம் டாலர் வருமானம், அதற்கு இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல் வரி என்று. அவர் செலவழித்த வேகத்துக்கு அது ஒன்றும் பெரிய தொகையே இல்லை.

சட்டம் இருந்தால் போதுமா, வருமானத்தை நிரூபிக்க வேண்டுமே. இங்கேதான் என் தொழில் வருகிறது. கபோன் பேரில் வங்கிக் கணக்கு கிடையாது. சொத்து கிடையாது. ஒரு வருடம்கூட ரிட்டர்ன் போட்டதில்லை. மயாமி கடற்கரையில் பாம் தீவு வீட்டை 1928-இல் 40,000 டாலருக்கு வாங்கினார். பத்திரம் முதலில் ஒரு ஹோட்டல் மேலாளர் பேரில், பிறகு மனைவி மே பேரில். நம் ஊரில் பினாமி என்போமே, அதே வேலை. கருவூலத் துறையின் புலனாய்வுப் பிரிவுத் தலைவர் எல்மர் ஐரி, இந்த வேலையை ஃப்ராங்க் வில்சன் என்ற அதிகாரியிடம் கொடுத்தார். வரவைப் பிடிக்க முடியாத இடத்தில் செலவைப் பிடிப்பதுதான் வில்சன் கையாண்ட வழி. இத்தனை செலவு செய்திருக்கிறாய், காசு எங்கிருந்து வந்தது? துணிக்கடை, நகைக்கடை, கறிக்கடை, டெலிபோன் கம்பெனி என்று ஏறி இறங்கி ரசீது ரசீதாகச் சேர்த்தார்கள். விசாரணையில் துணிக்கடை விற்பனையாளர்கள் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். ஒன்று 12 டாலர் விலையுள்ள பட்டு உள்ளாடைகள், வைரம் பதித்த பெல்ட் பக்கிள்கள் என்று பட்டியல் போனது. பத்திரிகைகளுக்கு அது கொண்டாட்டம். இதே செலவுக் கணக்கு முறையைத்தான் இன்றும் ரெய்டுக்குப் பிறகு அதிகாரிகள் என் கட்சிக்காரர்களிடம் கையாள்கிறார்கள்.

ஆனால் செலவு மட்டும் போதாது. கடன் வாங்கினேன், அப்பா கொடுத்தார் என்று எதிர்வாதம் வைக்கலாம். தொழிலுக்கும் ஆளுக்கும் நேர் முடிச்சு வேண்டும். அந்த முடிச்சு சிகாகோவை ஒட்டிய சிசரோ என்ற சின்ன ஊரிலிருந்து கிடைத்தது. 1926 ஏப்ரலில் மக்ஸ்விகின் என்ற இளம் அரசு வக்கீல் சுடப்பட்டுச் செத்ததும் அங்கே பல இடங்களில் ரெய்டு நடந்தது. ஹாத்தோர்ன் ஸ்மோக் ஷாப் என்ற பெயரில் நடந்த சூதாட்ட விடுதியிலிருந்து கணக்குப் பேரேடுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அப்புறம் யாரும் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. நாலு வருடம் கழித்து, ராத்திரி நேரத்தில் பழைய காகித மூட்டைகளை ஒதுக்கிக்கொண்டிருந்த வில்சன் கையில் அது அகப்பட்டது. ரூலெட், பகடை, குதிரைப் பந்தயம் என்று விளையாட்டுவாரியாகப் பத்திகள். சில பக்கங்களுக்கு ஒருமுறை லாபத்தை நிறுத்தி, 'ஏ', 'ஆர்', 'ஜே' என்று எழுத்துகளுக்குப் பங்கு பிரித்திருந்தது. அல், அண்ணன் ரால்ஃப், பண நிர்வாகி ஜேக் குசிக் என்று படித்தார்கள். ஓரிடத்தில் "அல்லுக்காக ஃப்ராங்க் 17,500 டாலர் கொடுத்தது" என்று ஒரு பதிவும் இருந்தது. மொத்த லாபம் ஐந்து லட்சம் டாலருக்கும் மேல்.

ஆடிட்டர்களுக்குத் தெரியும், பேரேடு தானாகப் பேசாது. எழுதியவன் வந்து "இது என் கையெழுத்து, இது இன்ன கணக்கு" என்று சொல்ல வேண்டும். வில்சன் ஆட்கள் கையெழுத்தை வங்கிச் சீட்டுகளோடு ஒப்பிட்டு லெஸ்லி ஷம்வே என்ற காசாளரைத் தேடினார்கள். அவர் மயாமி அருகே ஒரு பந்தய மைதானத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரெட் ரீஸ் என்ற இன்னொரு காசாளர் செயின்ட் லூயிஸில் சிக்கினார். லாபத்தை வேறொரு பெயரில் வங்கிக் காசோலைகளாக மாற்றி மேலிடத்துக்கு அனுப்பியவர் அவர்தான். ரீஸை உயிரோடு வைத்திருக்க அரசு அவரைத் தென் அமெரிக்காவுக்கே அனுப்பி வைத்தது. கணக்குப்பிள்ளைகள் இல்லாமல் இந்த வழக்கே இல்லை என்று நான் சொன்னால் தொழில் பாசம் என்று நினைக்க வேண்டாம். தீர்ப்பைப் படித்தால் நீங்களும் அதையே சொல்வீர்கள்.

கபோனுக்கும் அந்த விடுதிக்கும் உள்ள தொடர்பை நிறுவியது ஒரு வேடிக்கையான காட்சி. 1925 மே மாதம் ஹென்றி ஹூவர் என்ற பாதிரியார் தலைமையில் ஊர்க்காரர்கள் அந்தச் சூதாட்ட விடுதிக்குள் புகுந்தார்கள். அது பகல் வேளை. பக்கத்து ஹோட்டலில் தூங்கிக்கொண்டிருந்த கபோன், பைஜாமா மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு, முகம்கூட மழிக்காமல் ஓடி வந்தார். வாசலில் நின்ற செஸ்டர் ப்ராக் என்பவர் உள்ளே விட மறுக்க, இந்த இடத்துக்கு நான்தான் ஓனர் என்றார் கபோன். உள்ளே போய்க் கல்லாவில் இருந்த பணத்தைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆறு வருடம் கழித்துப் பாதிரியாரும் ப்ராகும் கூண்டில் ஏறி இதை அப்படியே சொன்னார்கள். பினாமி, வேறு பெயர் என்று அத்தனை ஏற்பாடு செய்து வைத்திருந்தவர், தூக்கக் கலக்கத்தில் தானே வாக்குமூலம் கொடுத்துவிட்டார்.

இனி நான் இந்தப் பதிலையே எழுத நினைத்த காரணத்துக்கு வருகிறேன். 1930-இல் அண்ணன் ரால்ஃப், குசிக், கும்பலைச் சேர்ந்த ஃப்ராங்க் நிட்டி எல்லோரும் வரி வழக்கில் ஒவ்வொருவராகச் சிக்க, கபோனுக்குப் பயம் வந்தது. நியாயமாகச் செய்ய வேண்டியதைச் செய்ய முடிவெடுத்தார்: வரித்துறையோடு பேசித் தீர்ப்பது. லாரன்ஸ் மாட்டிங்லி என்ற வரி வக்கீலை அமர்த்தினார். 1930 ஏப்ரல் 17 அன்று வக்கீலோடு வரித்துறை அலுவலகத்துக்கே போய் உட்கார்ந்தார். கணக்கு வைத்திருக்கிறீர்களா என்றால் இல்லை, பெரிய வருமானம் உண்டா என்றால் அப்படியொன்றும் இல்லை என்று மழுப்பிவிட்டு வந்தார். அதோடு நின்றிருக்கலாம். செப்டம்பரில் மாட்டிங்லி ஒரு கடிதம் கொடுத்தார். 1926-இல் 26,000 டாலருக்கு மிகாமலும், 1927-இல் 40,000-க்கு மிகாமலும், 1928, 1929-இல் வருடத்துக்கு 1,00,000-க்கு மிகாமலும் என் கட்சிக்காரரின் வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. லாபத்தில் அவருக்கு ஆறில் ஒரு பங்கு என்றும் விளக்கியிருந்தார். எந்த நடவடிக்கையிலும் கட்சிக்காரரின் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல் இது சொல்லப்படுகிறது என்று மேலே ஒரு வரி சேர்த்திருந்தார், அது காப்பாற்றும் என்ற நம்பிக்கையில்.

காப்பாற்றவில்லை. அரசு வக்கீல் அந்தக் கடிதத்தைக் கோர்ட்டில் வைத்தபோது கபோனின் வக்கீல்கள் அஹர்னும் ஃபிங்கும் கத்தித் தீர்த்தார்கள். சமரசப் பேச்சில் சொன்னதைச் சாட்சியாக்கினால் இனி எந்த வரி செலுத்துபவன் துறையோடு பேச வருவான் என்பது அவர்கள் வாதம். நீதிபதி வில்கர்சன், வக்கீலுக்கு முறையான அதிகாரப் பத்திரம் இருந்தது, அவர் சொன்னது கட்சிக்காரர் சொன்னதுதான் என்று ஏற்றுக்கொண்டார். மேல்முறையீட்டிலும் அது நின்றது. அவ்வளவு காலம் ஒரு சென்ட் வருமானத்தைக்கூட ஒப்புக்கொள்ளாத ஆள், வலியப் போய் வாயைக் கொடுத்து, ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டிய அளவுக்கு வருமானம் இருந்தது என்று கையெழுத்துப் போட்ட காகிதத்தில் ஒப்புக்கொண்டார். என் பார்வையில் கபோனைக் கவிழ்த்தது துப்பாக்கியும் இல்லை, பேரேடும் இல்லை, இந்தக் கடிதம்தான். இது என் கருத்து. பேரேடுதான் என்று சொல்பவர்கள் உண்டு, அவர்கள் வாதத்திலும் வலு இருக்கிறது. கட்சிக்காரர் "கொஞ்சமாக ஒரு தொகை காட்டி முடித்துவிடலாம் சார்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு மாட்டிங்லி நினைவுக்கு வருவார்.

வழக்கு நடந்த விதம் வேகமானது. 1924-க்கான வரிக் குற்றம் காலாவதியாக இரண்டே நாள் இருந்தபோது, 1931 மார்ச்சில் ரகசியமாக ஒரு குற்றப்பத்திரிகை. ஜூனில் மற்ற வருடங்களுக்கு 22 குற்றச்சாட்டுகள். அரசு வக்கீல் ஜார்ஜ் ஜான்சன் இரண்டரை வருடத் தண்டனைக்குப் பேரம் பேசி முடித்தார், கபோன் குற்றத்தை ஒப்புக்கொண்டார், பத்திரிகைக்காரர்களிடம் பெருமையாகவும் பேசினார். நீதிபதி அந்தப் பேரம் என்னைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டார். ஒப்புதலை வாபஸ் வாங்கிக்கொண்டு அக்டோபரில் விசாரணைக்குப் போனார்கள். எதிர்த்தரப்பு வைத்த முக்கியமான வாதம், அவர் குதிரைப் பந்தயத்தில் பெருந்தொகை தோற்றுவிட்டார் என்பது. புக்கிகளை, அதாவது பந்தயப் பணம் வாங்குபவர்களை, வரிசையாகக் கூப்பிட்டு நிரூபித்தார்கள். தோற்பதற்கு அவ்வளவு பணம் கையில் இருந்தது என்பதை அவர்களே நிரூபித்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று. அக்டோபர் 17 அன்று ஜூரி 23-இல் ஐந்து குற்றச்சாட்டுகளில் மட்டும் குற்றவாளி என்றது: 1925, 26, 27-க்கு ஏய்ப்பு, 1928, 29-க்கு ரிட்டர்ன் போடாதது. ஒரு வாரம் கழித்து 11 வருடச் சிறை, 50,000 டாலர் அபராதம்.

ஐயத்தோடு படிக்க வேண்டியவை சில உண்டு. எலியட் நெஸ் என்ற மதுவிலக்கு அதிகாரி கபோனை வீழ்த்தினார் என்பது நெஸ் இறந்த 1957-க்குப் பிறகு பெரிதாகப் பரவிய கதை. அவர் ஆட்கள் சாராய ஆலைகளை உடைத்தது உண்மை, அதனால் கபோனுக்கு நஷ்டம் வந்ததும் உண்மை. அந்த ரெய்டுகளால் 5,000 மதுவிலக்கு மீறல்கள் கொண்ட குற்றப்பத்திரிகையும் தயாரானது. ஆனால் அது விசாரணைக்கே வரவில்லை. ஜூரிக்கு லஞ்சம் கொடுக்க ஏற்பாடு நடந்தது, கடைசி நிமிடத்தில் நீதிபதி ஜூரிப் பட்டியலை இன்னொரு கோர்ட்டோடு மாற்றிக்கொண்டார் என்ற கதை பெரும்பாலும் வில்சன் பிற்காலத்தில் சொன்னதை நம்பியிருக்கிறது. தன் கதையில் தானே நாயகன் ஆகும்போது யாரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். இந்த ஜூரி லஞ்சம் பற்றித் துப்புக் கொடுத்ததாகச் சொல்லப்படும் வக்கீல் எட்வர்ட் ஓ'ஹேர் 1939 நவம்பரில் காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். சிகாகோவின் பெரிய விமான நிலையத்துக்கு அவருடைய மகன், கடற்படை விமானியின் பெயர். வருடத்துக்குப் பத்துக் கோடி டாலர் சம்பாதித்தார் என்ற எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். அது கும்பலின் மொத்த வசூல் பற்றிய ஊகம், கபோன் கைக்கு வந்த பங்கு அல்ல.

சரி, கட்டியிருந்தால் தப்பித்திருப்பாரா? வரி வழக்கிலிருந்து நிச்சயமாகத் தப்பித்திருப்பார். தவறாமல் ரிட்டர்ன் போட்டு, "இதர வருமானம்" என்று ஒரு கௌரவமான தொகை காட்டியிருந்தால், வில்சன் உண்மையான தொகை அதைவிட அதிகம் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். ரிட்டர்னே இல்லை என்பதைவிட அது பல மடங்கு கடினமான வேலை. மதுவிலக்கு வழக்கில் மாட்டியிருப்பாரா என்றால் மாட்டியிருக்கலாம், ஆனால் அதில் இவ்வளவு நீண்ட தண்டனை கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வரி கட்டாமலேயே தப்பிக்கவும் ஒரு சந்து இருந்தது. ஏய்ப்புக் குற்றத்துக்கு வழக்குப் போடக் காலக்கெடு மூன்று வருடமா ஆறு வருடமா என்று அப்போது தெளிவில்லை. 1932 ஏப்ரலில் வேறொருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றுதான் என்றது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் கபோனின் மூன்று ஏய்ப்புக் குற்றங்களுமே காலாவதி ஆனவை. பின்னாளில் சிறையிலிருந்து ஆட்கொணர்வு மனுப் போட்டுப் பார்த்தார். விசாரணையில் கிளப்பியிருக்க வேண்டிய வாதத்தை இப்போது கொண்டுவர முடியாது என்ற ரீதியில் தள்ளிவிட்டார்கள். நல்ல வரி வக்கீல் ஒருவர் விசாரணையில் கூட இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

1932 மே மாதம் அட்லாண்டா சிறைக்கும், 1934 ஆகஸ்டில் அல்காட்ராஸ் தீவுக்கும் போனார். அங்கே கைதி எண் 85. இளமையில் தொற்றிய மேகநோய் (சிஃபிலிஸ்) மூளைக்கு ஏறி, 1938-க்குள் புத்தி தடுமாற ஆரம்பித்தது. 1939 நவம்பரில் வெளியே வந்தபோது பழைய ஆள் இல்லை. 1947 ஜனவரி 25 அன்று பாம் தீவு வீட்டில் 48 வயதில் இறந்தார். தொழிலை அப்புறம் எடுத்து நடத்தியவர்கள் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருந்தார்கள். அவர்களில் டோனி அக்கார்டோ என்பவர் பீர் கம்பெனி விற்பனையாளர் என்று ரிட்டர்ன் போட்டு, தன் ஸ்போர்ட்ஸ் காரின் செலவைத் தொழில் செலவாகக் கழித்தார். அதற்காக 1960-இல் அவர் மேலும் வழக்கு வந்து தண்டனையும் ஆனது, மேல்முறையீட்டில் ரத்தாகிவிட்டது.